இல்லை என்று சொல்லும் உரிமை

அலுவலகக் கவுன்டர் எதிலாவது நின்றிருப்பவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "ரெக்கார்டு இல்லைங்க." சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கணினியில் பெயரைத் தட்டுகிறார், ஒன்றும் வரவில்லை, நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறார். கேட்பவருக்கோ அந்த ஒரு சொல்லில் முப்பது வருஷமாகக் கட்டிய குத்தகையும், அப்பா பெயரில் இருந்த பட்டாவும், பார்த்த வேலைக்கான சாட்சியும் போய்விடுகின்றன.

இந்த "இல்லை"க்கு இரண்டு பொருள் இருக்கிறது. அப்படியோர் ஆவணம் உண்டாகவே இல்லை, அல்லது உண்டாகி அழிந்துவிட்டது என்பது ஒன்று. ஆவணம் இங்கேதான் எங்கோ கிடக்கிறது, அதற்குப் போகும் வழி எனக்குத் தெரியவில்லை என்பது இன்னொன்று. முதலாவது ஆவணத்தைப் பற்றிய செய்தி. இரண்டாவது, சொல்பவரைப் பற்றிய செய்தி. காகிதக் காலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. "அந்தப் பீரோவையும் ஒருவாட்டி பாத்துடுங்க சார்" என்று கெஞ்ச இடமிருந்தது. பீரோ கண்ணுக்குத் தெரியும், அதன் மேல் தூசி தெரியும், யாரும் அதைத் திறக்கவில்லை என்பதும் தெரியும். இப்போது "சிஸ்டத்துல இல்லைம்மா" என்றால் பேச்சு முடிந்தது. எந்தப் பீரோவைத் திறக்கச் சொல்வது?

ஒருவரிடம் "உங்கள் ஆவணம் இல்லை" என்று சொல்லும் உரிமை யாருக்கு, எப்போது வருகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பொறியாளர்கள் மட்டுமே கவலைப்படுவதாக நாம் நினைக்கும் ஓரிடத்தில் போய் நிற்போம். ஆவணங்களைச் சர்வரில் எப்படி அடுக்கி வைப்பது என்ற இடம் அது.

*

பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் ஆவணம் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு என்டர்பிரைஸ் கன்டென்ட் மேனேஜ்மென்ட், சுருக்கமாக இசிஎம், என்று பெயர். 1982-ல் தொடங்கிய ஃபைல்நெட், 1990-ல் வந்த டாக்குமென்டம், 2001-ல் வந்த ஷேர்பாயின்ட், 2005-ல் வந்த ஆல்ஃபிரஸ்கோ எல்லாம் இந்த வகையில் சேரும். இவை ஒவ்வோர் ஆவணத்தையும் இரண்டாகப் பார்க்கின்றன. ஸ்கேன் செய்த பத்திரம், கடிதம், ரசீது என்ற சரக்கு ஒரு பாதி. அது யாருடையது, எந்தத் தேதி, எந்தச் சர்வே எண், யார் பார்க்கலாம், எத்தனையாவது திருத்தம் என்கிற விவரம் மறுபாதி. இந்த விவரத்தைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள்.

விவரம் எப்போதும் டேட்டாபேஸில், அட்டவணையாக இருக்கும். சரக்கை எங்கே வைப்பது என்பதில்தான் பிரிவு. அதையும் டேட்டாபேஸுக்குள்ளேயே திணித்துவிடலாம். ஷேர்பாயின்ட் வழக்கமாக அப்படித்தான் செய்கிறது. இல்லாவிட்டால் சரக்கைச் சாதாரணக் கோப்புகளாக டிஸ்கில் வைத்துவிட்டு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் டேட்டாபேஸில் எழுதலாம். டாக்குமென்டமும் ஆல்ஃபிரஸ்கோவும் வழக்கமாகச் செய்வது இதை. கோப்புவழிச் சேமிப்பு என்று இதைச் சொல்லலாம்.

எது நல்லது என்பதற்கு 2006-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஜிம் கிரே உள்ளிட்ட மூவர் அளந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சுமார் 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவை டேட்டாபேஸில் இருப்பது லாபம், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவை கோப்பாக இருப்பது லாபம், நடுவில் இருப்பவை சூழலைப் பொறுத்தவை என்பது அவர்கள் கண்டது. வேகத்தைப் பற்றிய கணக்கு அது. நம் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கோப்புவழிச் சேமிப்பை உள்ளே போய்ப் பார்த்தால் என்ன இருக்கும்? ஆல்ஃபிரஸ்கோவின் சேமிப்பறையைத் திறந்தால் முதலில் வருஷத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் மாதம், அதற்குள் நாள், பிறகு மணி, பிறகு நிமிஷம். கடைசியில் 36 குறிகள் கொண்ட, யாரும் வாசிக்க முடியாத ஒரு பெயரும் "பின்" என்ற வாலும். அது பத்திரமா, திருமண அழைப்பிதழா, யாருடையது என்று பெயரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த அடுக்கில் லட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும். டேட்டாபேஸ் பக்கத்தில் இருக்கும்வரை ஒரு நொடியில் எதையும் எடுக்கலாம். டேட்டாபேஸ் போச்சு என்றால், ஓர் அறை நிறைய முகவரி எழுதாத தபால்.

இந்தப் பெயர்வைப்பைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. ஒரே பெயரில் நூறு "விண்ணப்பம்" வரும். பெயர்கள் மாறும். பெயரிலேயே நோயும் கடனும் தெரிந்துவிட்டால் சர்வர் அறையில் வேலை செய்பவர் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். ஆகவே ஊமைப் பெயர் வைப்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. தான் யார் என்பதற்கு அது இன்னொருவரை நம்பி இருக்கிறது.

பேக்கப் எடுப்பதில் இந்த உறவு நன்றாகத் தெரியும். அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப் எடுப்பதானால் முதலில் டேட்டாபேஸ், பிறகு கோப்புகள் என்பது ஆல்ஃபிரஸ்கோவில் விதி. மாற்றி எடுத்தால், அட்டவணையில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது. சரியான வரிசையில் எடுத்தால் மிஞ்சிப்போனால் அட்டவணை அறியாத சில கோப்புகள் கூடுதலாகக் கிடக்கும். ரசீது இல்லாத சாமானைச் சகித்துக்கொள்ளலாம், சாமான் இல்லாத ரசீதை வைத்து என்ன செய்வது என்பதுதான் இதன் தர்க்கம். அட்டவணை அறியாத கோப்பை அநாதை என்று அழைக்கிறார்கள். மென்பொருள்காரர்கள் இந்தச் சொல்லை யோசிக்காமல்தான் வைத்திருப்பார்கள். ஆனால் பொருத்தமான சொல்.

*

இப்போது திருவண்ணாமலைக்குப் போவோம். அங்கே அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணச் சேமிப்பு ஒன்று இருக்கிறது. சோழர்கள், அந்த ஊரைத் தன் தலைநகரங்களில் ஒன்றாக்கிக்கொண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளன், விஜயநகரத்தார் என்று பலர் காலத்துக் கல்வெட்டுகள். கிருஷ்ணதேவராயர் அங்கே ஆயிரங்கால் மண்டபம், குளம், பதினோரு நிலைக் கோபுரம் ஆகியவற்றைச் செய்வித்ததைச் சொல்லும் கல்வெட்டும் அவற்றில் ஒன்று.

இந்தச் சேமிப்பில் சரக்கும் விவரமும் பிரிக்கப்படவில்லை. சோழர் காலத்துத் தானக் கல்வெட்டு எதை எடுத்தாலும் அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்தது, எதற்காக, யார் பொறுப்பேற்றார் எல்லாம் ஒரே வாசகத்தில் வரும். ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுப்பார்கள். அந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் நாள்தோறும் நெய் அளக்க வேண்டிய இடையரின் பெயர்கூடச் சில இடங்களில் வரும். கடமைப்பட்டவன் யார் என்பது அந்தக் கல்லிலேயே இருக்கிறது. சோழ அரசு போய்விட்டது, அதன் வரிப்புத்தகங்களில் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. சுவர் மட்டும் யாரையும் நம்பாமல் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கிறது.

ஆனால் அந்தச் சோழ அலுவலகமும் நம் இசிஎம் போலத்தான் இயங்கியது. அரசனின் வாய்மொழியை எழுதுபவர் ஒருவர், அதைச் சரிபார்க்கும் ஓலைநாயகம் இன்னொருவர், வரிப்பொத்தகத்தில் ஏற்றுபவர்கள் சிலர், சாட்சியாகக் கையெழுத்திடுபவர்கள் பலர். ஓலையில் வேலை நடந்தது. வேலை முடிந்ததும் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அன்றாட வசதிக்கு ஒரு வடிவம், அலுவலகமே இல்லாமல் போகும் நாளுக்கு இன்னொரு வடிவம். இரண்டாவதைச் செய்யும்போது அவர்கள் மனதில் இருந்தவர் மேலதிகாரி மட்டும் இல்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று எழுதியவர்களுக்கு, தங்களை அறியாத ஒருவர் பின்னாளில் வந்து வாசிப்பார் என்ற எண்ணம் இருந்திருக்கிறது.

1902-ல் அரசின் கல்வெட்டுத் துறையினர் திருவண்ணாமலைக் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை கொடுத்து எடுக்கும் மைப்படிகள். ஒவ்வொன்றுக்கும் 1902-ஆம் ஆண்டின் இன்ன எண் என்று ஓர் அடையாளம் கொடுத்தார்கள். அந்த வாசகங்கள் 1937-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் அச்சாகின. பிறகு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் திருவண்ணாமலையைப் பற்றிக் கொண்டுவந்த தொகுதிகளில், கல்வெட்டுகளுக்கென்றே பி.ஆர். சீனிவாசன் 1990 வாக்கில் உழைத்திருக்கிறார். மைப்படிகள் துறையோடு சேர்ந்து மைசூருக்குப் போயின. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட்டது.

ஆக, மூலம் திருவண்ணாமலையில், படி துறையின் காப்பில், வாசகம் புத்தகத்தில், எண் அறிக்கையில். பிரித்து வைப்பதில் தவறில்லை என்பதற்கும் இதுவே சான்று. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் சுண்ணாம்பு பூசியும், மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தும் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. அங்கெல்லாம் இன்று மிஞ்சியது படி மட்டுமே. கல்லை நம்பினால் போதும் என்று சொல்ல வரவில்லை. அந்த எண் ஒரு நாள் தொலைந்தாலும், மைப்படித் தாளை விரித்தால் அது இன்ன ஊர்க் கோயில் என்று அதன் வாசகமே பெரும்பாலும் சொல்லிவிடும். அட்டவணை இல்லாவிட்டாலும் அநாதையாகாத கோப்பு அது. கவனிக்க வேண்டியது இதைத்தான்.

*

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக்கரையில் இருக்கும் திருமழபாடிக் கோயில் கதை இன்னும் துல்லியமானது. முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்னால் பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொன்னான். அவன் காலத்தில் அது முடியவில்லை. மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், 1026 வாக்கில், புத்தகத்தில் இருந்ததைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இன்றைக்கு ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஆவணம் மாற்றுபவர்கள் மைக்ரேஷன் என்று சொல்வதும் இதே வேலைதான். நடுவே சுமார் 13 வருஷம். அரசன் மாறியிருக்கிறான். பழைய அரசர்கள் கொடுத்த தானங்கள் அவை, "அதெல்லாம் இடிச்சப்பவே போச்சு" என்று சொல்லிவிட வாய்ப்பும் வசதியும் இருந்திருக்கின்றன. சொல்லவில்லை. பழையதைப் பிரிக்கும் அதிகாரம் உள்ளவனுக்கு, அதில் இருந்ததைக் கரைசேர்க்கும் கடனும் உண்டு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மூலமும் படியும் பற்றிய தமிழின் மிகப் பழைய வழக்கு ஒன்று திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். சுந்தரருடைய கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது, நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். ஆவணம் இல்லை, ஆகவே வழக்கும் இல்லை. கிழவரோ ஊர்ச்சபைக்குப் போய், கிழிந்தது படி, மூலம் என்னிடம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறார். சபை அதோடு விடவில்லை. பாட்டனுடைய கையெழுத்து உள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

வந்த கிழவர் சிவன் என்பது கேட்கும் நமக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது. தெய்வமே வந்து சொன்னாலும் வாய்ச்சொல் போதாது, அவர் மடியில் இருக்கும் ஓலையும் போதாது, இருவர் கையிலும் இல்லாத மூன்றாம் இடத்திலிருந்து ஒன்று வந்தாக வேண்டும். சபைக்கு "இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அங்கிருந்துதான் வந்தது. "இல்லை" என்று சொல்வதற்கும் அதே தகுதி வேண்டும் என்று நினைக்கிறேன். நான் தேடினேன், கிடைக்கவில்லை என்பது மட்டும் போதாது. என்னை நம்பாத இன்னொருவரும் வந்து தேடிப் பார்க்கும்படி நான் வைத்திருந்தேனா? வைத்திருந்தால் சொல்லலாம்.

*

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, கல் எல்லோருக்கும் திறந்தது, மருத்துவ அறிக்கையும் ஆதார் எண்ணும் அப்படி இருக்க முடியுமா என்பது. முடியாது. இருக்கவும் கூடாது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைக்கூடத் தருகிறது. கல்லுக்கு மறக்கத் தெரியாது. ஆனால் பூட்டி வைப்பது வேறு, புதைத்து வைப்பது வேறு. பூட்டின் சாவியை உரியவரிடம் ஒப்படைக்கலாம், அவர் வாரிசிடமும் ஒப்படைக்கலாம். புதைத்த இடம் புதைத்தவருக்கு மட்டுமே தெரியும். அயலாரிடமிருந்து காப்பதற்குப் பூட்டு தேவை. மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் ஆவணத்தின் சொந்தக்காரருக்கே வழி தெரியாமல் போவது புதைப்பு.

இரண்டாவது மறுப்பு, கல்லில் இடம்பிடித்தவர்கள் கொடுக்க வசதியிருந்தவர்கள் என்பது. உண்மைதான். சுவரில் பெயர் இல்லாதவர்களே அதிகம். இன்றைய சேமிப்பறையின் பெருமையே அது ஏழையின் மனுவையும் அமைச்சரின் கடிதத்தையும் ஒரே அடுக்கில் வைப்பதுதான். ஆனால் அமைச்சரின் கடிதம் தொலைந்தால் நாலு பேர் தேடுவார்கள். மனு தொலைந்தால் தேட ஆளில்லை. ஆகவே தன் பெயரைத் தானே சொல்லும் சக்தி யாருடைய கோப்புக்கு அதிகம் தேவை என்பதில் சந்தேகமில்லை.

மூன்றாவது, கோப்பு கையில் இருந்தாலே போதுமா என்பது. போதாது என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் ஆளுக்கோர் எழுத்துரு வைத்துத் தட்டிய ஆவணங்கள் எத்தனை அலுவலகங்களில் கிடக்கின்றன! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாக வரும். கோப்பு இருக்கிறது, தமிழ் இல்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். அதற்கு வெகுமுன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய இலக்கியங்களை முதலில் ஒரு குறியீட்டிலும் பிறகு டிஸ்கியிலும் அதன்பின் யூனிகோடிலுமாக மாற்றி மாற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. எளிய உரைக்கோப்புகளாக, எவரும் படியெடுக்கும்படி, ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் நூலின் பெயரும் உழைத்தவர் பெயரும் இருக்கும்படி வைத்திருந்ததால் அது முடிந்தது. திருமழபாடியில் செய்ததையே தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் செய்திருக்கிறார்கள்.

*

சரி, சேமிப்பை அமைப்பவர் என்ன செய்ய வேண்டும்? வேகமும் விலையும் பார்க்கட்டும். கோப்புவழியா டேட்டாபேஸா என்பதைத் தேவையை வைத்து முடிவு செய்யட்டும். ஊமைப் பெயரும் இருக்கட்டும். ஆனால் கோப்பின் பக்கத்திலேயே, அது யாருடையது, என்ன, எந்தத் தேதியது, யார் ஏற்றியது என்று சாதாரண எழுத்தில் ஒரு சிறு குறிப்பும் இருக்கட்டும். தேவையானால் அதைப் பூட்டி, சாவி அலுவலகத்தின் கையில் இருக்கட்டும், விற்பனையாளரின் கையில் வேண்டாம். நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் கூடி உருவாக்கி 2020-ல் முதல் பதிப்பு வெளியான ஆக்ஸ்ஃபோர்டு பொதுக் கோப்பமைப்பு என்ற விதிமுறை இதைத்தான் கேட்கிறது. மென்பொருள் முழுக்க அழிந்துபோனாலும், டிஸ்கில் மிஞ்சிய கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு முழு ஆவணச்சாலையையும் திரும்ப எழுப்ப முடிய வேண்டும். மனிதர் கண்ணுக்கும் அது புரிய வேண்டும். கொஞ்சம் இடம் கூடுதலாகும், கொஞ்சம் வேலை கூடுதலாகும். "யாரு சார் அதைப் பாக்கப் போறா?" என்று திட்டக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். வரப்போகிறவர் யார் என்று தெரியாததால்தான் எழுதி வைக்கிறோம் என்பதே பதில்.

சட்டமும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, அரசு அமைப்புகள் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு, சுட்டுக் குறிப்போடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆவணம் கிடைக்கவில்லை என்பது தகவலை மறுப்பதற்கு அந்தச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் ஒன்றல்ல. ஒரு காலத்தில் அரசிடம் இருந்த தகவலை, முழுமையாகத் தேடி விசாரிக்காமல், காணவில்லை என்று சொல்லிக் கைகழுவ முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2013-ல் சொல்லியிருக்கிறது. "இல்லை" என்று சொல்லும் உரிமை சும்மா வருவதில்லை, அதைச் சம்பாதிக்க வேண்டும் என்பதை நீதிமன்றத்தின் மொழியில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே இப்படியோர் அமைப்பு தயாராகி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் நாளில், வாங்குபவர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டேட்டாபேஸை நிறுத்திவிடச் சொல்லுங்கள். சேமிப்பறையைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பை எடுங்கள். அந்தத் திட்டத்தில் வேலை செய்யாத, ஆனால் பார்க்க உரிமையுள்ள ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, "இது யாரோடதுன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் கையெழுத்துப் போடலாம். முடியாவிட்டால், நாளை கவுன்டரில் ஓர் அம்மா வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்லும் உரிமை அந்த அலுவலகத்துக்கு இன்னும் வரவில்லை.